வாசல் பங்கு

சித்ரகலாவின் கையில் ஒரு பனியனைக் கொடுத்தால் அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். எங்கே ஓட்டை என்றுதான் பார்ப்பாள். குணம் பாதி, தொழில் பாதி. பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் டேபிள். தைத்து வருகிற பீஸை விளக்கடியில் விரித்து, தோள், கை, கழுத்து, அடிமடிப்பு என்று விரலை ஓட்டி, ஊசி பட்ட துளையையும் எண்ணெய்க் கறையையும் நூல் விட்ட இடத்தையும் கண்டுபிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று. "ஓட்டை இருக்குதுன்னு நெனச்சுப் பாருங்க. இல்லைன்னு நெனச்சுப் பாத்தா இருக்கற ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது."

பொழுதன்னிக்கும் அப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி பார்க்குமா? புருஷன் என்றைக்காவது பூ வாங்கி வந்தால், அதை மோந்து பார்ப்பதற்கு முன்னால், "ஏனுங்க, இன்னைக்கு என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?" என்று கேட்கிறவள். அவளிடம் போய் சுரேந்தர், "எங்கண்ணன் பங்கு போட்டுட்டாரு. எது வேணுமோ நம்மளையே எடுத்துக்கச் சொல்லிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை.

சுரேந்தர் கட்டிங் மாஸ்டர். துணியில் கத்தி வைத்தால் நூல் பிசகாது. பேச்சில் மட்டும் ஒரு வெட்டும் கிடையாது, யார் எது சொன்னாலும் சரி என்பான். அண்ணன் பேர் சின்னான். பேர்தான் சின்னான், பிறப்பில் மூத்தவர். குன்னத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊரில், அப்பா நல்லான் கட்டிய ஓட்டு வீட்டில் சின்னானும் அவர் மனைவி மாரக்காளும் இருந்தார்கள். ஒரே மகன் பிரதீப் பல்லடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். சுரேந்தரும் சித்ரகலாவும் கல்யாணமான புதிதில் அந்த வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்களுக்கும் ஒத்துவராமல், கம்பெனிக்குப் பக்கத்தில் லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நல்லான் போய்ச் சேர்ந்து, வருசத் திதியும் முடிந்தபிறகு பாகப் பேச்சு வந்தது.

அந்தப் பங்காளிகளுக்குள் ஒரு சாங்கியம் உண்டு. மூத்தவன் பங்கு போட வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். போடுகிறவனுக்கு எடுக்கிற உரிமை கிடையாது. அதனால் போடும்போதே நேராகப் போட்டுவிடுவான் என்று கணக்கு. எடுப்பதை வாயால் சொல்வதும் கிடையாது. பெரியவர்கள் பார்க்க, இளையவன் தனக்கு வேண்டிய பங்கில் போய் நிற்க வேண்டும். நின்றால் நின்றதுதான். வைத்த காலை எடுத்தவனை மூன்று தலைமுறைக்கு ஊர் சொல்லிச் சிரிக்கும்.

சின்னான் போட்ட பங்கு இது: வீடு ஒரு பங்கு, வீட்டுக்கு முன்னால் வெட்ட வெளியாகக் கிடக்கிற வாசல் ஒரு பங்கு.

"வாசலா?" என்றாள் சித்ரகலா.

"ஆமா. அளந்து பாத்தா ரண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஊட்டுல இருக்கறவங்க போக வர ஓரமா மூணடித் தடம். அவ்வளவுதான் நாயம்."

"ஊட்டுல பாதி, வாசல்ல பாதின்னுதானுங்க எல்லாரும் பிரிப்பாங்க?"

"ஓட்டு ஊட்டை நடுவுல வெட்டுனா ரண்டு பேருக்கும் ஊடு இருக்காது, செவுருதான் இருக்கும்ங்கறாரு. சரிதானே?"

"நம்மள எதை எடுக்கச் சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலை. 'பொட்டப்புள்ள வச்சிருக்கற, ஓசன பண்ணி எடுத்துக்க'ன்னாரு."

"அப்ப ஊட்டை எடுத்துக்கங்கறாரு."

"அப்படி எங்க சொன்னாரு?"

"வேற எப்படிச் சொல்லுவாங்க? ஏனுங்க, குடியிருக்கற ஊட்டைத் தூக்கித் தம்பிக்குக் குடுத்துப்போட்டு யாராச்சும் வெட்ட வெளியில போய் உக்காருவாங்களா?"

"எங்கண்ணன் உக்காருவாரு."

"உக்காருவாரு, உக்காருவாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கொதித்த கொள்ளுப் பருப்பைப் படக்கென்று இறக்கினாள். "சோழியன் குடுமி சும்மா ஆடாதுங்க."

அவளுக்கு வீடு வேண்டாமா என்றால், அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு வேறு இல்லை. லைன் வீடு என்பது ஒரே அறை. கதவைத் திறந்தால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் சுவர். மகள் மௌனிகா பதினொன்றாவது படிக்கிறாள். துணி மாற்ற வேண்டுமென்றால், "அப்பா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்பாள். சுரேந்தர் மழையானாலும் வெயிலானாலும் வெளியே போய் நின்று, தெருவில் போகிற வேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். லைன் முழுவதற்கும் குளியலறை ஒன்று. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கொக்கி இருந்த இடத்தில் ஒரு கயிறு. குளிக்கிறவர்கள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். மௌனிகா வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் குளித்து முடிக்கிறவரை சித்ரகலா அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்பாள். ஒருநாள் கதவடியில் ஒரு செல்போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள். யார் என்று தெரிவதற்குள் ஓடிவிட்டான். அன்றையிலிருந்து லைனில் இருக்கிற ஆண்பிள்ளை ஒவ்வொருவன் முகத்திலும் அவள் ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருந்தாள்.

"அம்மா, ஊடுன்னா தாத்தா படுத்திருந்த சின்ன ரூம் எனக்குத்தானே?" என்றாள் மௌனிகா. பேருக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை, வாய் ஓயாது. "அதுக்குத் தாப்பா இருக்குதுல்ல? பெரிய இரும்புத் தாப்பா. நான் உள்ள போட்டுட்டு உக்காந்துக்குவேன். யாரு கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீ கூப்பிட்டாலும்."

"கம்முனு இரு. இன்னும் ஒண்ணும் ஆகலை."

"எடுத்துக்கங்கறாங்க. எடுக்கறதுக்கு என்ன ஓசன?"

"குடுக்கறவங்க ஏன் குடுக்கறாங்கன்னு பாக்கோணும் கண்ணு."

அடுத்த அறைப் பழனாயி, வீட்டிலேயே பிசிர் வெட்டுகிறவள், கத்தரியும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நூல் பிசிர் மட்டுமல்ல, நாலு குடும்பத்துக்கு உறவையும் வெட்டிக் கொடுத்த கத்தரி அது.

"நாஞ் சொல்றன்னு தப்பா நெனச்சுக்காத சித்ரா" என்றாள் பழனாயி. "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. அந்த ஊட்டுக்குப் பொறவால செவுரு பூத்துப் போயிருக்குது, உப்புப் பொரிஞ்சு. போன ஐப்பசியில உன்ற மாமனாரு வருசத் திதிக்கு வந்தப்பவே பாத்தேன்."

"நெசமாவா?"

"கைய வெச்சா மாவு மாவா வருது. அது கெடக்குது. உங்க மூத்தாரு மார்கழிக் குளுருலயும் வாசல்லதான் கட்டிலப் போட்டுப் படுக்கறாரு, அது தெரியுமா? வாலிபப் பையன்கூட அந்தக் குளுருல வெளிய வர மாட்டான். ஏன் படுக்கறாரு? அனுபோக பாத்தியதை. நான் இத்தன வருசமாப் படுத்த எடம்னு நாளைக்குச் சொல்றதுக்கு."

சித்ரகலாவுக்குச் சுருக்கென்றது. அது அவளும் பார்த்ததுதான். இப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கில் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஆனி மாசக் கடைசிக்கு முந்தின வாரம். காற்று அப்போதே மண்ணை வாரி இறைக்க ஆரம்பித்திருந்தது. வாசல் நல்ல அகலம். தெருப்பக்கம் முருங்கை, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் சின்னானின் கயிற்றுக் கட்டில். அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு ஆள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். அட, முனீஸ்! லைனில் கடைசி அறையில் குடியிருக்கிற வெல்டர். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன், தகர ஷீட் போடுகிறவன். அவளைக் கண்டதும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். போட்டானா இல்லையா? போட்டான். அதுவே போதாதா?

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாரக்காள் சின்ன ரூமிலிருந்து வெளியே வந்து, கதவை இழுத்து வெளிக்கொக்கியைப் போட்டாள். போடுவதற்குள் சித்ரகலாவின் கண் உள்ளே போய் வந்துவிட்டது. முக்காலிமேல் ஏதோ ஒரு எந்திரம், மேலே பழைய சேலை போர்த்தி.

"வா சித்ரா, வா. சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"கீரைக்கு வந்தனுங்க்கா. அந்த ரூமுல என்னுங்க்கா?"

"வேஸ்ட்டுத் துணி. வேற என்ன இருக்கப்போகுது? உக்காரு, அரிசிம்பருப்பு சோறு ஆக்கியிருக்கறேன், ஒரு வாய் தின்னுபோட்டுப் போ."

தின்றாள். வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. கை கழுவுகிற சாக்கில் புறக்கடைப் பக்கம் போய்ச் சுவரில் விரலை வைத்தாள். பழனாயி சொன்னது நிஜம். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது.

சாயங்காலம் லைனில் முனீஸை மடக்கினாள்.

"ஏப்பா முனீஸு, எங்க மூத்தாரு வாசல்ல என்ன அளந்த?"

"எனக்கென்னக்கா தெரியும்? அளக்கச் சொன்னாக, அளந்தேன்."

"எதுக்கு?"

"தகரச் செட்டு போடத்தேன். யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. என்னைய மாட்டி விட்றாதீகக்கா."

"என்ன மாதிரி செட்டு?"

"நல்லா ஒசரமா வேணுமாம். மூணு பக்கமும் சுவரு கூடாதாம், காத்து வந்து போகணுமாம். கரண்டுக்கு ரெண்டு பாயிண்டு. மேல ஃபேனுக்குத் தனி. அம்புட்டுத்தேன்."

"ரண்டு பாயிண்டு எதுக்குன்னாரு?"

"ஒரு மிஷினு வைக்கணும்னாக. வேற ஒண்ணும் சொல்லலக்கா, என்னைய விடுங்க, சோறு தின்னல இன்னும்."

மிஷின்! சித்ரகலா மனசுக்குள் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். உயரமான செட், காற்றோட்டம், கரண்ட் பாயிண்ட், சேலை போர்த்திய எந்திரம். பிரதீப் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு வாசலில் யூனிட் போடப் போகிறான். ஓவர்லாக் மிஷின் ஒன்று ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. தெருவைப் பார்த்த வாசல், வேன் வந்து நிற்க வசதி. பொரிந்து உதிர்கிற வீட்டைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, பொன் விளைகிற வாசலை அண்ணன் எடுத்துக்கொள்கிறார். அதுவும் எப்படி? 'பொட்டப்புள்ள வச்சிருக்கற' என்று கரிசனத்தோடு!

"ஏனுங்க, நாம வாசலை எடுக்கறோம்" என்றாள் சுரேந்தரிடம்.

"என்ன புள்ள சொல்ற? மௌனிக்கு ரூம்பு வேணும்னுதானே இத்தன நாளா..."

"வாசல்ல நாமளே ரண்டு ரூம்பு கட்டிக்கலாம். புதுசா. உப்புப் பொரியாத செவுரு வெச்சு."

"எப்பக் கட்டறது? ஆடி பொறக்கப் போகுது. யாராச்சு ஆடியில வேலை தொடங்குவாங்களா?"

"ஆவணியில தொடங்கறது. இத்தன நாள் கயித்தப் புடிச்சுக்கிட்டுக் குளிச்ச புள்ள, இன்னுங் கொஞ்ச நாள் குளிக்காதா?"

மௌனிகா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அந்த ரூம்ல தாப்பா இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஆனி கடைசி ஞாயிறு. பங்காளி வீட்டுப் பெரியவர் செங்காளியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முன்னால் தட்டத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள். ஒருபக்கம் வாசற்படி, மறுபக்கம் வாசல். சின்னான் முருங்கையடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஆள் இளைத்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டு முழி என்று சித்ரகலா எடுத்துக்கொண்டாள்.

"என்னப்பா சுரேந்தரு, அண்ணன் போட்ட பங்கு உனக்குச் சம்மதமா?" என்றார் பெரியவர்.

"சம்மதமுங்க பெரியப்பா."

"அப்பறம் என்ன? போய் நில்லு சாமி."

சுரேந்தர் நடந்தான். கால் பழக்கத்தில் நேராக வாசற்படிக்கே போயிற்று. அவன் பிறந்து தவழ்ந்த படி. ஒரு காலைத் தூக்கிவிட்டான். சின்னான் தலைநிமிர்ந்தார், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைச் சித்ரகலா பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

இருமினாள். சுரேந்தர் திரும்பினான். அவள் கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். தூக்கிய கால் அந்தரத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு அந்த மனுசன் அப்படியே பின்வாங்கி, வாசல் நடுவில், அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

மாரக்காள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். சின்னான் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, எச்சில் விழுங்கி, "சந்தோசம்" என்றார். வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பெரியவர் எழுந்ததும் சின்னான் அந்தக் கட்டிலை அவரே ஒரு பக்கம் தூக்க, மாரக்காள் மறுபக்கம் தூக்க, வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சித்ரகலாவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பார்த்தாயா, வேட்டு வைத்தேன் பார் என்று இருந்தது அவளுக்கு.

மௌனிகா அன்றையிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். சோறு போட்டால் தின்பாள். குளிக்கப் போகும்போது அம்மாவைக் கூப்பிடக்கூட மாட்டாள்; இவள்தான் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவுக்கு முதுகைக் கொடுக்க வேண்டும். இடைவிடாமல் பேசுகிற பிள்ளை பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும்? மோட்டார் நின்றுபோன கம்பெனி மாதிரி இருந்தது. வேலையில் சித்ரகலாவின் கை தடுமாறியது. அவள் பாஸ் பண்ணிய பீஸில் ஓட்டை இருந்ததென்று ஒருநாள் திரும்பி வந்தது. இத்தனை வருசத்தில் அப்படி நடந்ததே இல்லை.

ஆடி பிறந்து காற்று பேயாய் அடித்தது. ஒரு நாள் விடிந்ததும், வேலைக்குப் போவதற்கு முன்னால் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமென்று போனாள். கட்டுமானம் தொடங்காத இடம். துணி காயப்போடுகிறார்களோ, விறகு அடுக்குகிறார்களோ, யார் கண்டது? நாளைக்கு அதுவே ஒரு பாத்தியதை ஆகிவிடும்.

வாசலில் ஒரு துரும்பு இல்லை. கூட்டிக்கூட வைத்திருந்தார்கள். ஆனால் ஓரத்தில், அந்த மூன்றடித் தடத்தில், சின்னான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்து, தலையைத் தொங்கப்போட்டு, காலை மடக்கிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்தார். போர்த்தியிருந்த துப்பட்டி முழுவதும் மண். தடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் கோடு போட்டதைப் போல வரிசையாகச் செங்கல் வைத்திருந்தார்கள். அவர் பாதம் அந்தச் செங்கலைத் தாண்டவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து புறா கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

நடிப்போ என்று நினைத்தாள். ஆமாம், அப்போதும் முதலில் அதைத்தான் நினைத்தாள். ஆனால் அவள் வருவது யாருக்கும் தெரியாதே, யாருக்காக நடிப்பார்?

மாரக்காள் சுடுதண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தவள் அவளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எதுக்கு வந்த? நாங்க ஒண்ணும் உன்ற வாசல்ல காலு வைக்கலை."

"பெரிய மாமா ஏனுங்க்கா இப்படி உக்காந்திருக்கறாரு?"

"மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ணு அசந்தாரு." புறக்கடைக்குக் கூட்டிப்போனாள். சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு கொட்டிவிட்டாள். "வாலிபத்துல இருந்து ரைசிங் மில்லு. உனக்குத் தெரியாததா? பனியன் துணியச் சீவிச் சீவிக் குளுருநாட்டுக்காரனுக்குக் கம்பளியாட்டப் பண்ணிக் குடுக்கறாங்களே, அந்தப் பஞ்சு அத்தனையும் மூக்குல போயி நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. உள்ள படுத்தா மூச்சு வராது. செவுரு நெருக்கற மாதிரி இருக்குதும்பாரு, எந்திரிச்சு எந்திரிச்சு ஓடியாருவாரு. வெட்ட வெளியில படுத்தாத்தான் கொஞ்சம் தூக்கம். அதுக்குத்தான் மார்கழியிலயும் வாசல்ல கெடந்தாரு."

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலையேக்கா?"

"சொன்னா? மில்லுக்காரன் காதுக்குப் போனா அன்னைக்கே நிறுத்திப்போடுவான். மூச்சு வாங்கறதுக்கு மருந்துப் புகை புடிக்கற மிஷினு ஒண்ணு வாங்கியாந்து, யாராச்சும் பாத்துருவாங்களோன்னு சேலையப் போட்டு மூடி வெச்சேன்."

முனீஸ் சொன்ன மிஷின். மூன்று பக்கமும் சுவர் வேண்டாம், காற்று வர வேண்டும்.

"அப்ப அந்தச் செட்டு..."

"அவரு படுக்கறதுக்கு. தம்பிக்குப் பொட்டப்புள்ள, ஊட்டைத்தான் எடுப்பான். வாசல் நமக்கு வரும், ஒரு செட்டப் போட்டுக்கிட்டா நான் அதுலயே கெடந்துக்குவேன்னாரு. நீ எங்க படுப்பன்னு என்னையக் கேக்காத, எனக்கு ஒரு மூலை போதும். ஊட்டுச் செவுரையும் ஆடி போனதும் பூசிக் குடுத்துப்போடலாம்னு இருந்தாரு. வாயத் தொறந்து தம்பிகிட்டச் சொல்லுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'சீக்கச் சொல்லிக் கேட்டா அது பங்கு இல்ல, பிச்சை. அதுவும் போக, நான் வாசல் வேணும்னு சொன்னா சித்ரா அதுல என்னமோ இருக்குதுன்னு நெனைக்கும்'னாரு." மாரக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சொல்லாமயே நீ நெனச்சுட்ட."

சித்ரகலாவுக்குப் பொக்கென்று போயிற்று. எவ்வளவு பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்தாள்! ஓட்டை இல்லாத பீஸில் ஓட்டையைத் தேடித் தேடி, விரலாலேயே ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறாள். அதில் மாட்டிக்கொண்டது யார்? பெற்ற பிள்ளை.

"அக்கா, கட்டிலத் தூக்கி வாசல்ல போடுங்க. இப்பவே."

மாரக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா? மாமா படுக்கறதுக்கு."

"நாளைக்கு என்ற வாசல்ல படுத்தாங்க, அத்துமீறுனாங்கன்னு பெரியவரைக் கூட்டியாந்து நிறுத்தறதுக்கா?"

"ஐயோ, இல்லீங்க்கா."

"வாடகை கேப்பியா?"

"அக்கா!"

"அப்பறம் என்னத்துக்குங்கறேன்? குடுக்கறவங்க ஏன் குடுக்கறாங்கன்னு பாக்கோணுமல்ல?"

அது சித்ரகலா மகளிடம் சொன்னது. தன்னுடைய வார்த்தையே எதிரில் வந்து நின்று இடுப்பில் கைவைத்துக் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? அழுகை வந்தது, கோபமும் வந்தது. சத்தியம் செய்தால் நம்புவாளா? மாட்டாள். மாரக்காள் இடத்தில் இருந்தால் இவளும்தான் நம்பியிருக்க மாட்டாள்.

வேலைக்குப் போகவில்லை. லைனுக்குத் திரும்பி வந்து சுரேந்தரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"பத்திரம் இன்னும் எழுதலைதானுங்க? மாத்திக்கலாமுங்க."

"வெச்ச காலை எடுக்கச் சொல்றயா? நான் எடுத்தாலும் எங்கண்ணன் உட மாட்டாரு. என்னையத் தலைகுனிய வெச்சு அவரு ஒரு நாளும் வாங்க மாட்டாரு."

"சரி, காலு அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து மௌனிகாவின் தலையணையையும் போர்வையையும் சுருட்டினாள். புத்தகப் பையை எடுத்தாள். "மௌனி, கெளம்பு."

மௌனிகா எங்கே என்று கேட்கவில்லை. பேச மாட்டாளே! செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

சின்னான் விழித்து, தடத்தில் உட்கார்ந்தபடியே சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சித்ரகலா அவர் முன்னால் தலையணையை வைத்தாள்.

"பெரிய மாமா, நான் ஒரு நாயம் கொண்டாந்திருக்கறேன். வாசலு எங்குளுது, ஊடு உங்குளுது. அதுல மாத்தமில்ல. என்ற புள்ள உங்க ஊட்டுச் சின்ன ரூம்புல படுக்கும். நீங்க எங்க வாசல்ல படுக்கோணும். செட்டும் போட்டுக்கங்க. எங்களை நீங்க தொரத்துனா உங்கள நாங்க தொரத்துவோம். என்னைய நம்ப வேண்டாம். பொட்டப்புள்ளைய உங்க ஊட்டுக்குள்ள உட்டுட்டுப் போறேன், அதைவிட ஜாமீன் என்கிட்ட வேற இல்லை."

சின்னான் அவளையும் மௌனிகாவையும் மாறிமாறிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"ஜாமீன் எதுக்குக் கண்ணு?" என்றார் மெதுவாக. "அது எங்க புள்ள."

"அது எனக்குத் தெரியாமப் போச்சுங்க மாமா" என்றாள் சித்ரகலா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முருங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாரக்காள் உள்ளே போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. "ஏ சித்ரா, அங்க என்ன நின்னு அழுதுக்கிட்டு? மறுபக்கம் வந்து புடி."

இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, செங்கலைத் தாண்டி, வாசல் நடுவில் பழைய இடத்திலேயே போட்டார்கள். கால் நான்கும் பதிந்திருந்த பள்ளங்கள் இன்னும் தூர்ந்திருக்கவில்லை. சின்னான் படுத்து, காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினார். சேலை போர்த்திய எந்திரத்தை மாரக்காள் வெளியே கொண்டுவந்து, சின்ன ரூமைக் கூட்டி, மௌனிகாவின் கையில் தலையணையைக் கொடுத்தாள். மௌனிகா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். க்ளக் என்று இரும்பு இரும்பில் விழுந்தது.

சித்ரகலா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, என்ன இருந்தாலும் செக்கிங்காரி அல்லவா, கதவடிக்குப் போய் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை.

"யாரு?" என்றாள் மௌனிகா உள்ளேயிருந்து. இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"நாந்தான் கண்ணு."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தாப்பா போட்டியான்னு பாத்தேன்."

"போட்டுட்டேன்." உள்ளே அவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. "இனி நீ அங்க நிக்க வேண்டாம். போம்மா."

சித்ரகலா சரியென்றாள். ஆனால் பழக்கதோஷம், அதற்குள் அவள் திரும்பி அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள்.